எதிரி தெரிந்தெடுத்த ஏழு பேர்

ஜூரியாக அமர்ந்தவருக்குக் காசு கொடுப்பது குற்றம். இதை உரக்கச் சொல்ல ஒரு சட்டம் வேண்டுமா என்று தோன்றும் அளவுக்கு இது வெளிப்படையானது. ஆனாலும் சட்டங்கள் சொல்லியிருக்கின்றன, விரிவாகவே. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 21ஆம் பிரிவில் அரச ஊழியர் யார் யார் என்று அடுக்கும்போது ஜூரியையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே அவருக்குக் கொடுக்கும் கையூட்டும் அரச ஊழியருக்குக் கொடுக்கும் கையூட்டாகியது. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் 1883இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை எழுதப்பட்டது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலோ இதற்கென்றே தனியாக ஒரு குற்றம் இருந்தது. எம்பிரேசரி என்று பெயர். அந்தக் குற்றத்தின் வரைவை இன்று திரும்பிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பணம் மட்டும் அதில் இல்லை. வாக்குறுதி, வற்புறுத்தல், மன்றாட்டம், விருந்து உபசாரம் என நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட சாட்சியத்துக்கு வெளியே நின்று ஜூரியை ஒரு பக்கம் சாய்க்கும் எதுவும் அதில் அடங்கியது. சாய்க்க முயன்றவர் தோற்றுப்போய், ஜூரி சரியான தீர்ப்பையே சொல்லியிருந்தாலும் குற்றம் குற்றம்தான். தீர்ப்பு பிழைத்ததா இல்லையா என்பதல்ல அந்தச் சட்டத்தின் கவலை. தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான். 2010ஆம் ஆண்டின் பிரித்தானிய இலஞ்சச் சட்டம் எம்பிரேசரியை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டது. நெடுங்காலமாகப் பயன்படாத சட்டம், வேறு சட்டங்கள் அந்த இடத்தை நிரப்பிவிட்டன என்பது அதற்கான நியாயம். நியாயம் சரியே. ஆனால் அந்தப் பழைய வரைவில் இருந்த அகலம், திருகோணமலை மாவட்டத்து வழக்கொன்றைப் புரிந்துகொள்ள எனக்குத் தேவைப்படுகிறது.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர். அதற்கும் தெற்கே கிளிவெட்டி. அதை அடுத்து குமாரபுரம். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி அந்தப் பகுதியில் படையினர் இருவர் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் இறந்தார்கள். அன்று மாலையே படையினர் குமாரபுரத்துக்குள் புகுந்தார்கள். கொல்லப்பட்டவர்கள் 24 பேர் என்று அப்போது அம்னெஸ்டி இன்டர்நஷனல் எழுதியது. 26 பேர் என்பது பின்னாளில் நிலைத்த கணக்கு. பெண்களும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அதில் கணிசமானவர்கள். பதினைந்தைத் தாண்டியிராத ஒரு சிறுமி கொல்லப்படுமுன் வன்புணர்வுக்கு உள்ளானாள். இலங்கையில் இப்படியான சம்பவங்களில் வழக்கமாக நடப்பதைவிட இங்கே கொஞ்சம் அதிகமாகவே நடந்தது: எட்டுப் படையினர் கைதானார்கள், உயிர் தப்பியவர்கள் அடையாள அணிவகுப்பில் ஆட்களைக் காட்டினார்கள், குற்றப்பத்திரிகையும் வந்தது. பிறகு வழக்கு இருபது வருடம் இழுபட்டது. எதிரிகளில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில், இருவர் இறந்துபோனார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி வழக்கு திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. மிஞ்சிய ஆறு கோப்ரல்களையும் 2016 ஜூலை 27ஆம் திகதி, அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில், சிங்களம் பேசும் ஏழு பேர் கொண்ட ஜூரியின் தீர்ப்பு விடுதலை செய்தது.

அந்த ஏழு பேருக்கும் எவரும் காசு கொடுக்கவில்லை. கொடுத்ததாக எவரும் குற்றஞ்சாட்டவும் இல்லை. மிரட்டலும் இல்லை, விருந்தும் இல்லை. ஜூரியைக் கெடுப்பதற்கு எதிராக எழுதப்பட்ட எந்தச் சட்டத்தின் எந்த வரியும் மீறப்படவில்லை. நான் பேசவந்தது இதைத்தான்: இலஞ்சத்துக்கு எதிரான சட்டம் ஜூரியை விலைபேச வரும் கையைத் தடுக்கிறது, ஆனால் அந்தக் கை செய்ய நினைக்கும் வேலையை நடைமுறைச் சட்டமே எதிரிக்கு உரிமையாகக் கொடுத்துவிட்டால், தடுப்பதற்கு என்ன மிஞ்சுகிறது?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி மேல் நீதிமன்ற வழக்குகளை நீதிபதி ஒருவர் தனியாக விசாரிப்பதே பொது விதி. கொலை போன்ற பாரிய குற்றங்களில் மட்டும் ஜூரி உண்டு. அதுவும் எதிரி கேட்டால் மட்டுமே. கேட்டால் இன்னொரு தெரிவும் அவர் கையில். நீதிமன்ற அதிகாரியான பிஸ்கால் தயாரிக்கும் ஜூரிப் பட்டியல்கள் மூன்று: ஆங்கிலம் பேசுவோர், சிங்களம் பேசுவோர், தமிழ் பேசுவோர். எந்தப் பட்டியலிலிருந்து தன்னுடைய ஜூரி வரவேண்டும் என்று எதிரியே சொல்லலாம். ஏழு பேரில் ஐவர் ஒத்துப்போனால் தீர்ப்பு. ஒரு மனிதரை அவருக்கு விளங்கும் மொழியில் விசாரிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த ஏற்பாடு இது, அதில் ஐயமில்லை. ஆனால் மொழியும் இனமும் பெரும்பாலும் ஒன்றாகவே கிடக்கும் நாட்டில், மொழிப் பட்டியலைத் தெரிவதென்றால் என்ன என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. குமாரபுரம் தனித்த சம்பவமும் அல்ல. 1992 ஓகஸ்ட் 8ஆம் திகதி ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ அராலித்துறையில் கொல்லப்பட்டதற்கு மறுநாள், மட்டக்களப்பு மாவட்டத்து மயிலந்தனையில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு கிழக்கிலிருந்து கிளம்பிக் கடைசியில் கொழும்புக்குப் போனது. 2002 நவம்பரில் சிங்களம் பேசும் ஜூரி 18 படையினரை விடுவித்தது. மீண்டும் யோசியுங்கள் என்று நீதிபதி திருப்பி அனுப்பிப் பார்த்தார். அதே தீர்ப்போடு திரும்பி வந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில், எதிரிகள் கேட்டுப் பெற்றதும் சிங்கள ஜூரிதான். 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கடற்படைப் புலனாய்வைச் சேர்ந்தவர்கள் உட்பட எதிரிகள் அனைவரும் விடுதலை.

இந்த இடத்தில் எழும் மறுப்பு நேர்மையானது. ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. சிங்களவர் என்பதாலேயே ஏழு பேர் பக்கம் சாய்வார்கள் என்று கொள்வது, எந்தக் கண்ணோட்டத்தை நாம் கண்டிக்கிறோமோ அதையே நம் தோளில் ஏற்றிக்கொள்வதாகும். சாட்சிகள் இருபது வருடத்துக்குப் பிறகு பேசினார்கள், ஞாபகம் மங்கும், ஐயத்தின் பலன் எதிரிக்கு என்பது எல்லோருக்குமான விதி. தமிழர் ஒருவர் எதிரிக் கூண்டில் நின்றாலும் அந்த விதியைத்தான் கேட்போம். அநுராதபுரத்தின் அந்த ஏழு பேரும் உண்மையாகவே ஐயம் கொண்டிருக்கலாம். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வாதம் அவர்களின் மனசாட்சியைப் பற்றியது அல்ல. ஜூரி காரணம் சொல்வதில்லை. குற்றவாளி, குற்றவாளி அல்ல. அவ்வளவுதான் அவர்கள் வாயிலிருந்து வரும். எந்தச் சாட்சியை நம்பினார்கள், எவரை ஏன் நம்பவில்லை, மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்த தமிழ் வாக்குமூலத்தில் எந்த இடம் அவர்களுக்கு இடறியது என்பதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே கிடந்துவிடும். காரணம் இல்லாத தீர்ப்பை நம்பவைப்பது ஒன்றே ஒன்றுதான்: அதைச் சொன்னவர்கள் எப்படித் தெரிவானார்கள் என்பது. தெரிவு முறையில் ஒரு தரப்பின் கை விழுந்துவிட்டால், நேர்மையான ஜூரியால்கூடத் தன் நேர்மையைக் காட்ட முடியாது. அந்த வகையில் இந்த ஏற்பாடு குமாரபுரத்தாருக்கு மட்டுமல்ல, அநுராதபுரத்தின் அந்த ஏழு பேருக்கும் அநியாயம் செய்திருக்கிறது.

காரணம் எழுதும் நீதிமன்றங்கள் என்ன செய்தன என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1996 செப்டம்பர் 7ஆம் திகதி செம்மணிச் சோதனைச் சாவடியில் கிருஷாந்தி குமாரசுவாமி என்ற மாணவி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கு, ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் அமரும் ட்ரயல் அட் பார் முன் நடந்தது. 1998 ஜூலையில் படையினர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கும் அப்படியே. 2015 ஜூனில் ஐந்து எதிரிகளில் நால்வரை விடுவித்து, சுனில் ரத்நாயக்கவை மட்டும் குற்றவாளி என்றது நீதிமன்றம். 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. (2020 மார்ச்சில் ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கியது வேறு கதை; அதற்கு ஜூரியைக் குறைசொல்ல முடியாது.) விரல்விட்டு எண்ணக்கூடிய வழக்குகளை வைத்துக்கொண்டு ஜூரி என்றால் விடுதலை, நீதிபதிகள் என்றால் தண்டனை என்று சூத்திரம் எழுதுவது பிழை. ஒவ்வொரு வழக்கின் சாட்சியமும் வேறு. கிருஷாந்தி வழக்கில் நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் மிருசுவில் தீர்ப்பில் நால்வர் ஏன் விடுதலையானார்கள் என்பதை எதிர்ப்பவரும் வாசிக்கலாம், ஆதரிப்பவரும் வாசிக்கலாம். அங்கே விடுதலைக்கும் காரணம் உண்டு.

இந்தியா இந்தச் சிக்கலை வேறு விதமாக எதிர்கொண்டது. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுதலைத் தீர்ப்புச் சொன்னது. அங்கும் காசு கைமாறவில்லை; பிளிட்ஸ் பத்திரிகை வாரந்தோறும் அவரை நாயகனாக்கி எழுதியதே போதுமாக இருந்தது. ஆனால் ஜூரியின் முடிவு சாட்சியத்தோடு ஒட்டவில்லை என்று கண்டால் வழக்கை மேலே அனுப்பும் அதிகாரம் அந்த நீதிபதிக்கு இருந்தது, அனுப்பினார். பம்பாய் உயர் நீதிமன்றம் நானாவதியைக் குற்றவாளி என்றது, உச்ச நீதிமன்றமும் 1961இல் அதையே சொன்னது. மயிலந்தனை நீதிபதியால் முடிந்ததெல்லாம் மீண்டும் யோசியுங்கள் என்று சொல்வது மட்டுமே.

ஜூரிக்கு இலஞ்சம் கொடுத்த வழக்குகள் எங்கே நடக்கின்றன என்று கவனித்தால் ஒன்று புலப்படும். 1987இல் நியூயோர்க்கின் மாஃபியாத் தலைவன் ஜோன் கொட்டி விடுதலையானான். ஜோர்ஜ் பேப் என்ற ஜூரர் அறுபதாயிரம் டொலருக்குத் தன் வாக்கை விற்றிருந்தது பிற்பாடு வெளிவந்து, 1992இல் பேப் தண்டனை பெற்றார். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் ஹீத்ரோ விமான நிலையக் கொள்ளை வழக்கில் ஜூரியைக் கெடுக்க முயற்சி நடந்ததாகக் கண்டு, 2003ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் தந்த அதிகாரத்தில் 2010இல் நீதிபதி ஒருவரே தனியாக விசாரித்தார். இந்த இரண்டிலும் பொலிஸ் வேலை செய்திருந்தது, சாட்சிகள் பேசியிருந்தார்கள், வழக்கு ஜூரி அறை வரைக்கும் உயிரோடு வந்து சேர்ந்திருந்தது. முன்னால் இருந்த கதவெல்லாம் பூட்டியிருந்ததால்தான் கடைசிக் கதவுக்கு விலைபேச வேண்டியிருந்தது. திருகோணமலையில் முன்கதவுகளே திறந்து கிடக்கின்றன. 2006 ஜனவரி 2ஆம் திகதி, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படமெடுத்து வெளிக்கொண்டுவந்த செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன், அதே மாதம் 24ஆம் திகதி அந்த நகரத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். சாட்சி சொல்லக்கூடியவர்கள் மிரட்டப்பட்டார்கள், நாட்டை விட்டுப் போனார்கள். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை என்று விசேட அதிரடிப்படையைச் சேர்ந்த 13 பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. அந்த வழக்கு ஜூரியைக் காணவே இல்லை. ஜூரிக்குக் கையூட்டுக் கொடுத்த வழக்குகள் எங்கள் ஏடுகளில் பெரிதாகத் தென்படாததை நீதித்துறையின் தூய்மைக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்தை மாற்றி 2023இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்திருக்கிறது; அதன் வலையில் சிக்கக்கூடிய மீன் இந்தத் துறையில் நீந்துவதில்லை.

இன்னொரு மறுப்பு வரலாற்றிலிருந்து வரும். ஜூரி என்பது அரசின் கைக்கு எதிராகக் குடிமகனுக்குக் கிடைத்த கேடயம். 1670இல் லண்டனில் பென், மீட் வழக்கில் நீதிபதி பூட்டிவைத்துப் பட்டினி போட்டும் மசியாத ஜூரிகளின் பரம்பரை அது. அதைப் பறிக்கச் சொல்வது அரசுக்கே லாபம் என்பார்கள். இலங்கைக்கு 1810ஆம் ஆண்டின் சாசனத்தின் வழி ஜூரியைக் கொண்டுவந்த பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனும், உள்நாட்டு மக்களுக்கு நீதியில் பங்கு கொடுப்பதாகவே அதைக் கருதினார். வாதம் வலுவானது. ஆனால் அந்தக் கேடயத்தை இலங்கை யாருக்குக் கொடுத்தது, யாரிடமிருந்து எடுத்தது என்று பாருங்கள். கொலை எதிரிக்கு ஜூரியைத் தெரிவுசெய்யும் உரிமையை அளித்த சட்டக்கோவை 1979ஆம் ஆண்டினது. அதே 1979இல் வந்த 48ஆம் இலக்கச் சட்டம் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன்கீழ் குற்றம் சாட்டப்பட்டவரை மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தனியாக, ஜூரி இல்லாமல் விசாரிப்பார். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரி ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலமே அவருக்கு எதிரான சாட்சியமாகும். அந்தச் சட்டத்தின்கீழ் கூண்டில் ஏறியவர்கள் பெருமளவில் தமிழ் இளைஞர்கள். அரசின் கைக்கு எதிராகக் கேடயம் மிகவும் தேவைப்பட்டவருக்கு அது மறுக்கப்பட்டது; அரசின் கையாகவே இருந்தவருக்கு, விரும்பிய அளவில் வெட்டித் தரப்பட்டது. ரவிராஜ் வழக்கின் குற்றப்பத்திரிகையில் பயங்கரவாதத் தடைச் சட்டக் குற்றமும் இருந்தது. அப்படியானால் ஜூரி எப்படி வந்தது என்று பாதிக்கப்பட்டோர் தரப்புச் சட்டத்தரணிகள் கேட்டதன் கூர்மை இதில்தான். நான் வெறுக்கும் அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவை நம்பிக் கேள்வி எழுப்ப வேண்டி வந்தது என்பதை ஜீரணிக்கக் கடினமாகத்தான் இருக்கிறது.

வழக்கு இடம் மாறியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் மூதூரிலோ திருகோணமலையிலோ ஒரு படைவீரர் எதிரிக் கூண்டில் பாதுகாப்பாக நின்றிருக்க முடியுமா என்ற கேள்வி பொய்க்கேள்வி அல்ல. புலிகள் சாட்சிகளையும் எதிரிகளையும் எப்படி நடத்தினார்கள் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தீர்ப்பு வந்தது 2016இல். போர் முடிந்து ஏழு வருடம். அச்சம் போன பின்னும் வழக்கு திரும்பி வரவில்லை. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தங்கள் மொழி பேசாத நீதிமன்றத்துக்குப் போய்வந்தவர்கள் சாட்சிகள்தான்.

இதற்கு மாற்று ஜூரியை ஒழிப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எம்பிரேசரியைக் குற்றமாக்கிய அதே இங்கிலாந்து, பதினான்காம் நூற்றாண்டிலிருந்து 1870 வரை, வேற்று நாட்டவர் ஒருவர் வழக்கில் சம்பந்தப்பட்டால் ஜூரியில் பாதிப்பேரை அந்நியரிலிருந்து எடுக்கும் வழக்கத்தை வைத்திருந்தது. லண்டன் வணிகர்களுக்கும் வெளிநாட்டு வணிகர்களுக்கும் இடையே பிணக்கு வந்தால் ஒரு தரப்பு ஆட்கள் மட்டும் தீர்ப்புச் சொல்வது கடைத்தெருவில் எடுபடாது என்று கண்டு செய்த ஏற்பாடு அது. பெருந்தன்மையெல்லாம் இல்லை, வியாபாரம் நடக்க வேண்டியிருந்தது. திருகோணமலைக்கு இது பொருந்தும் விதம் தனியானது. முஸ்லிம், தமிழ், சிங்களம் என்ற மூன்று மக்களில் எவருக்கும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் இது. மொழிவாரியாகப் பிரிக்காமல், மாவட்டத்தின் எல்லா ஜூரிகளிலிருந்தும் சீட்டுக் குலுக்கி ஏழு பேரை எடுத்தால், மூன்று மக்களும் அதில் அமரும் வாய்ப்பே அதிகம். மொழிப் பட்டியல்தான் இயல்பாகக் கலந்திருப்பதைப் பிரிக்கிறது. ஐந்து பேர் ஒத்துவராமல் ஜூரி முடிவின்றிக் கலையும், வழக்கு மீண்டும் தொடங்கும், இன்னும் பத்து வருடம் போகும் என்பார்கள். போகலாம். நான்குக்கு மூன்று என்று ஒரு ஜூரி பிரிந்தால், அந்தப் பிரிவும் ஒரு செய்தி; தவறான ஒருமைப்பாட்டை விட அது எவ்வளவோ மேல். மொழிபெயர்ப்புச் செலவு கூடும் என்பார்கள். இருபது வருடம் தவணை போட்ட செலவை எவரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அப்படியான கலப்பு ஜூரி தனக்கு வேண்டாம் என்று எதிரி நினைத்தால், அவருக்கு ஏற்கெனவே உள்ள வழி அடைபடாது: நீதிபதி ஒருவர் முன் விசாரணை. இழப்பதென்றால், தனக்குப் பிடித்த பட்டியலைச் சுட்டிக்காட்டும் அந்த ஒரு சலுகையை மட்டுமே இழப்பார். குமாரபுரம் வழக்கை நீதிபதி ஒருவர் கேட்டிருந்தாலும் ஆறு பேரும் விடுதலையாகியிருக்கலாம். ஆனால் அன்று கிளிவெட்டிக்குத் திரும்பிய சாட்சிகளிடம் ஒரு தீர்ப்பின் பிரதி இருந்திருக்கும். தாங்கள் சொன்னதில் எதை நீதிமன்றம் ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று அதில் எழுதியிருக்கும், அதை அவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிழை என்று காட்ட முயன்றிருக்கலாம்.